பேஸ்மென்ற் நனையாமல் இருக்க: சம்ப் பம்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும், சுற்றியுள்ள மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கங்களிலும் எங்கள் ஆட்கள் வாங்கிய வீடுகளில் பேஸ்மென்ற், அதாவது நிலத்துக்குள் இறங்கிய கீழ்த்தளம், சும்மா கிடப்பதில்லை. ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா அங்கே படுக்கிறார்கள். புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பம் அங்கே வாடகைக்கு இருக்கிறது. அரிசி மூட்டையும் மீன் நிரம்பிய பிரீசரும் அங்கேதான். அதே பேஸ்மென்ற்றின் மூலையில், மூடி போட்ட குழிக்குள், வருடம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பம்ப் இருக்கிறது. ஒருமுறை நன்றாக நனைந்து பாடம் படித்தவன் நான். அதற்குப் பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று பல வீட்டுக் குழிகளை டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பிளம்பர் இல்லை. கொங்கிறீற் உடைக்கிற, பைப் வெட்டுகிற வேலைக்கு லைசென்ஸ் உள்ளவரையே கூப்பிடுங்கள்.

சம்ப் பம்ப் என்றால் என்ன?

பேஸ்மென்ற் தரையில் தோண்டிய சின்னக் கிணறு ஒன்று, அதிலிருந்து தானாகவே தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒன்று. கிணற்றைத்தான் சம்ப் என்கிறார்கள். ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி அகலம், இரண்டடி அல்லது அதற்கு மேல் ஆழம், உள்ளே ஒரு பிளாஸ்ரிக் தொட்டி. தண்ணீர் ஏறும்போது மிதவையும் சேர்ந்து ஏறும். குறித்த உயரத்துக்கு வந்ததும் அது சுவிற்சைப் போடும். மோட்டர் ஓடி, தண்ணீரை ஒன்றரை அங்குலக் குழாய் வழியாகச் சுவரோடு மேலே தள்ளி வீட்டுக்கு வெளியே விடும். குழி வற்ற மிதவை இறங்கும், மோட்டர் நிற்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பங்குனி, சித்திரையில் பனி உருகும்போது சில வீடுகளில் இது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு பகலாக நடக்கும்.

மழை வெளியேதானே பெய்கிறது? தரைக்குக் கீழே தண்ணீர் எப்படி வருகிறது?

யாழ்ப்பாணத்தில் கிணறு பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். கோடையில் ஆழத்தில் கிடக்கிற தண்ணீர் மாரி பிறந்ததும் மளமளவென்று மேலே வரும். கிணற்றுக்குள் நேராக விழுந்த மழையால் மட்டும் அது ஏறுவதில்லை, சுற்றியிருக்கிற நிலத்துக்குள் தண்ணீர் ஏறியதால்தான் ஏறுகிறது. பேஸ்மென்ற்றும் நிலத்துக்குள் தோண்டிய பெரிய கிணறுதான். கிணற்றுக்குள் தண்ணீர் வரவேண்டும் என்று தோண்டினோம், இதற்குள் வரக்கூடாது என்று கேட்கிறோம்.

இந்த ஊர்க் குளிரில் நிலம் உறைந்து வீங்கும். அதனால் அத்திவாரத்தை உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறக்க வேண்டும். தெற்கு ஒன்ராறியோவில் அது ஏறத்தாழ நாலு அடி. அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டி அறையாக்குவது லாபம் என்பதால்தான் இங்கே வீட்டுக்கு வீடு பேஸ்மென்ற்.

தோண்டிய குழிக்குள் சுவரைக் கட்டிவிட்டு, சுற்றி மண்ணைத் திரும்பப் போட்டு மூடுவார்கள். அந்த மண் பழைய களிமண்ணைப் போல இறுகுவதில்லை. மழைத் தண்ணீர் பொசிந்து பொசிந்து சுவரோரமாகத்தான் இறங்கும். இறங்கிய தண்ணீர் போக இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒரு மீற்றர் உயரத்துக்கு நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீற்றர் சுவரிலும் கிட்டத்தட்ட ஒரு தொன் அழுத்தம். சுவரும் தரையும் சேருகிற மூட்டு, மயிரிழை வெடிப்பு, குழாய் நுழையும் ஓட்டை, எதுவும் அதற்குப் போதும். உள்பக்கம் பூசுகிற பெயின்ற்றை நம்பி இருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். தண்ணீர் தேங்கி நிற்க முன்னமே அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

யார் எடுத்துக்கொண்டு போவது? பம்ப் ஒரு மூலையில்தானே இருக்கிறது?

வீட்டைச் சுற்றி அத்திவார மட்டத்தில் ஒரு குழாய் ஓடுகிறது. இங்கே அதை வீப்பிங் டைல் என்பார்கள். அந்தக் காலத்தில் குட்டிக் குட்டி மண் குழாய்களை இடைவெளி விட்டு வரிசையாக வைத்தார்கள், டைல் என்ற பெயர் அப்படி வந்தது. இப்போது நாலு அங்குலக் கறுப்புப் பிளாஸ்ரிக் குழாய், உடம்பெல்லாம் துளை, மேலே சல்லிக்கல். சுவரோரம் இறங்கும் தண்ணீர் துளை வழியாக அதற்குள் போய், வழிந்து, சம்ப்புக்குள் வந்து விழும். மூடியைத் திறந்து டோர்ச் அடித்தால் குழியின் பக்கச் சுவரில் அந்தக் குழாயின் வாய் தெரியும். மழை நாளில் பாருங்கள், பென்சில் பருமனில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஓடினால் நல்லது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்ட, குழி மட்டும் காய்ந்து கிடந்து, சுவர் ஈரமாக இருந்தால் குழாய் அடைபட்டிருக்கலாம்.

எங்கள் வீடு 1960களில் கட்டியது. சம்ப் குழியே இல்லை. போட வேண்டுமா?

உடனே ஆம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கால வீடுகளில் வீப்பிங் டைல் பெரும்பாலும் நேராகத் தெருவிலுள்ள கழிவுக்குழாய்க்குள் போகும். சாதாரண மழைக்கு அது பிழையில்லாமல் வேலை செய்யும். பெருமழைக்குத் தெருக்குழாயே நிரம்பிவிட்டால், எங்கள் தண்ணீர் போவதற்குப் பதிலாக அங்கிருந்து திரும்பி வரும்.

ஆனால் குழி தோண்டச் சில ஆயிரம் டொலர் செலவழிக்க முன், வெளியே போய் நின்று பாருங்கள். நூறு சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் தண்ணீர். 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் பதிவானது. அதே கூரைக்கு அது பத்தாயிரம் லீற்றரைத் தொடும் கணக்கு. அவ்வளவும் பீலி வழியாகத்தான் இறங்க வேண்டும். பீலியில் மேப்பிள் இலை அடைத்திருந்தால் தண்ணீர் விளிம்பால் வழிந்து அத்திவாரத்தின் காலடியிலேயே விழும். இறங்கு குழாயின் வாய் சுவரோடு ஒட்டி நின்றாலும் அதே கதைதான். அதை ஆறடி வெளியே நீட்டுங்கள். கொங்கிறீற் நடைபாதை வீட்டுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள். பூப்பாத்தி மண் சுவரோரம் தாழ்ந்திருந்தால் மண் போட்டு வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். நான் பார்த்த ஈரமான பேஸ்மென்ற்றுகளில் கணிசமானவை இந்த வேலைகளோடு காய்ந்துவிட்டன. செலவு இருநூறு டொலரைத் தாண்டவில்லை.

இதெல்லாம் செய்தும் தரை மூட்டில் தண்ணீர் ஊறினால், அப்போது சம்ப் போடலாம். ரொறன்ரோவில் கூரை இறங்கு குழாயைக் கழிவுக்குழாயோடு இணைத்து வைத்திருப்பது ஏற்கெனவே சட்டப்படி தடை. அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஆடியில் சுவர் வியர்க்கிறது. அதுவும் கசிவா?

பெரும்பாலும் இல்லை. கோடையின் ஈரக்காற்று குளிர்ந்த கொங்கிறீற்றில் பட்டுத் தண்ணீராகிறது. ஒரு பிளாஸ்ரிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், அதை உறிஞ்சி எடுக்கும் டிஹியூமிடிபையர் போதும். சுவர்ப் பக்கம் நனைந்தால் நிலத்தின் ஈரம்.

சம்ப் பம்ப் இருந்தால் கழிவுத் தண்ணீர் மேலே வராதுதானே?

வரும். இதைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். சம்ப் பம்ப் பார்ப்பது நிலத்துத் தண்ணீரை. தரை வடிகாலாலும் கீழ்க் குளியலறையாலும் நாற்றத்தோடு மேலே வருவது தெருக் கழிவுக்குழாயின் தண்ணீர். அதைத் தடுப்பது பக்வோட்டர் வால்வு. வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுக்குழாயில் வைத்த கதவு அது. உள்ளிருந்து போகும்போது திறந்திருக்கும், வெளியிலிருந்து தள்ளும்போது மூடிக்கொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாக வாசியுங்கள். பழைய வீட்டில் வால்வு மட்டும் போட்டு, வீப்பிங் டைலைக் கழிவுக்குழாயோடு இணைந்தபடியே விட்டால் என்ன நடக்கும்? பெருமழையில் வால்வு மூடும். வீப்பிங் டைல் தண்ணீர் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். போக வழியில்லை. அது தரை வடிகாலால் வீட்டுக்குள்ளேயே மேலே வரும். வாசலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் குழாயைத் திறந்து விட்ட மாதிரி. அதனால் அந்த இணைப்பை வெட்டி மூடி, வீப்பிங் டைலைச் சம்ப்புக்குத் திருப்ப வேண்டும். வால்வு, சம்ப், இணைப்பை வெட்டுதல் மூன்றும் சேர்ந்த வேலை. ரொறன்ரோ மாநகராட்சி உதவிப்பணமும் இந்த மூன்றுக்கும்தான்.

இன்னொன்று: வால்வு மூடியிருக்கும் நேரம் வீட்டுக்குள் குளித்தாலும் உடுப்புத் தோய்த்தாலும் அந்தத் தண்ணீரும் வெளியே போகாது. கொட்டும் மழைக்கு வோஷிங் மெஷின் போட வேண்டாம்.

எத்தனை குதிரைவலு வாங்குவது? பெரிதாக வாங்கினால் நல்லதுதானே?

தேவையைவிடப் பெரிது வாங்குவது நல்லதில்லை. பெரிய பம்ப் சின்னக் குழியைச் சில விநாடியில் வற்றவைத்து நிற்கும், உடனே திரும்ப ஓடும். மோட்டரைத் தேய்ப்பது இந்த அடிக்கடி தொடங்குவதுதான்.

அளந்து பாருங்கள். நல்ல மழை நாளில் பம்ப் ஓடி நின்றதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடத்தில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 18 அங்குல அகலக் குழியில் ஒரு அங்குலம் என்பது நாலு லீற்றருக்குக் கொஞ்சம் மேல். மூன்று அங்குலம் ஏறினால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லீற்றர். பிளக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். நல்ல மூன்றிலொரு குதிரைவலுப் பம்ப் பத்தடி உயரத்துக்கு நிமிடத்துக்கு நூறு லீற்றருக்கு மேல் தள்ளும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே தாராளம். தண்ணீர் வேகமாக ஏறும் வீட்டுக்கும், குழாய் நீண்ட தூரம் போகும் வீட்டுக்கும் அரைக் குதிரைவலு பாருங்கள்.

காசைக் குதிரைவலுவில் போடுவதைவிடப் பம்ப்பின் உடம்பில் போடுங்கள். வார்ப்பிரும்பு உடம்பு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்திவிடும், பிளாஸ்ரிக்கைவிட நாள் செல்லும்.

மோட்டர் நல்லது, ஆனால் பம்ப் ஓடவில்லை. ஏன்?

மிதவையைப் பாருங்கள். ஏஜக்ஸில் புது வீடு வாங்கிய மச்சான் ஒரு சித்திரை இரவு கூப்பிட்டான். குழி விளிம்பு வரை நிரம்பி, மூடியின் கீழே தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. பம்ப் சத்தமே இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால், வயரில் தொங்குகிற வகை மிதவை குழாய்க்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் தலைகீழாகச் செருகிக் கிடந்தது. மரத் தும்புத்தடியின் நுனியால் மெல்லத் தட்டினேன். டக்கென்று புரண்டது, பம்ப் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது, ஒரு நிமிடத்துக்குள் அடி தெரிந்தது. அடியில் வீடு கட்டியவர்கள் விட்டுப்போன கொங்கிறீற் துண்டுகளும் ஒரு பெயின்ற் மூடியும். பம்ப் அவற்றின் மேல் சாய்ந்து நின்றதால்தான் மிதவை சுவரில் முட்டியிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் அள்ளி, பம்ப்பை நேராக நிறுத்தினோம்.

வயரில் தொங்குவதைவிட, கம்பியில் நேராக ஏறி இறங்கும் மிதவை ஒடுங்கிய குழிக்குப் பாதுகாப்பானது. புது வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே குழியைத் திறந்து அடியைத் துப்புரவு செய்யுங்கள்.

கரண்ட் போனால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

2013 ஜூலை 8, திங்கட்கிழமை மாலை. பியர்சனில் 126 மில்லிமீற்றர் கொட்டியது. மின் உபநிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, ரொறன்ரோவிலும் மிசிசாகாவிலும் லட்சக்கணக்கானோருக்குக் கரண்ட் இல்லை. அப்போது நாங்கள் மிசிசாகாவில். எங்கள் பம்ப்புக்கு ஒரு குறையும் இல்லை, இரண்டு வருடத்துப் பம்ப். விளக்கு அணைந்த அந்த நொடியில் அது வெறும் இரும்பாகிவிட்டது. மனைவி டோர்ச் பிடிக்க, நான் குழிக்குள் வாளி விட்டு அள்ளினேன். மகன் படியால் தூக்கிக்கொண்டு போய் முற்றத்துக்கு அப்பால் ஊற்றினான். முதலில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாளி, பிறகு நிமிடத்துக்கு ஒன்று. மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தோம். கை விட்டுப்போனது. விடிய நாலு மணிக்குத் தரை முழுக்கக் கணுக்கால் அளவு. சுவரோரம் அடுக்கியிருந்த நாற்பது இறாத்தல் அரிசி மூட்டைகள் அடியில் ஊறி வீங்கி, தையல் ஒவ்வொன்றாக விட்டுக் கொடுத்தன. அந்த மெல்லிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பெருமழையும் கரண்ட் கட்டும் ஒன்றாகத்தான் வரும். பம்ப்புக்கு மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால், உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் இரவில் அது இருக்காது.

வழிகள் மூன்று. முதலாவது பற்றரிப் பம்ப்: அதே குழியில் கொஞ்சம் உயரத்தில் 12 வோல்ட் பம்ப் ஒன்று, தனி மிதவை, வெளியே டீப் சைக்கிள் பற்றரியும் சார்ஜரும். கார் பற்றரி சரிவராது. அது ஒரு நொடி பலமாகக் கொடுக்கச் செய்தது, மணிக்கணக்காகக் கொடுக்கச் செய்ததல்ல. தொடர்ந்து ஓடினால் சில மணி நேரம், விட்டு விட்டு ஓடினால் அதைவிடப் பல மடங்கு தாங்கும். பிரதான பம்ப் பழுதானாலும் இது கைகொடுக்கும் என்பதால் என் தெரிவு இதுதான். மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் பற்றரியை மாற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள்.

இரண்டாவது, நகரக் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தால் ஓடுவது. பற்றரி கவலை இல்லை. ஆனால் இரண்டு வாளி நிலத்துத் தண்ணீரை எடுக்க ஏறத்தாழ ஒரு வாளி குடிதண்ணீர் செலவாகும், அழுக்குத் தண்ணீர் குடிநீருக்குள் திரும்பாமல் தடுப்பானும் வேண்டும். சில ஊர்களில் அனுமதியே இல்லை, முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, ஜெனரேற்றர். வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தூரத்தில் மட்டும் வையுங்கள். கராஜுக்குள், கதவு திறந்திருந்தாலும், வேண்டாம். 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் ஒன்ராறியோவில், புகையோடு வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டால் ஆட்கள் இறந்தார்கள்.

தண்ணீரை எங்கே விடுவது?

சுவரிலிருந்து ஆறடிக்குக் குறையாமல், புல்வெளியில், உங்கள் நிலத்துக்குள். அயலவர் பக்கம் திருப்பாதீர்கள், நடைபாதைக்கும் வேண்டாம். உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். தரை வடிகாலுக்குள்ளோ லோன்ட்ரி தொட்டிக்குள்ளோ விடுவது சட்டப்படி பிழை. உங்கள் தண்ணீர் தெருக் கழிவுக்குழாயை நிரப்பி அடுத்த வீட்டு வடிகாலால் மேலே வரும்.

மாரிகாலத்தில் வெளிக்குழாயின் வாய் உறைந்து அடைக்கும். பம்ப் ஓடும், தண்ணீர் போகாது, மோட்டர் சூடாகிச் செத்துப்போகும். குழாய் முழுக்கச் சரிவாக இருந்தால் தண்ணீர் தேங்காது, உறையாது. தோட்டத்து ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால் ஐப்பசிக்குள் கழற்றிவிடுங்கள். சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில் இடைவெளியுள்ள ஒரு துண்டைப் பிளம்பர் பொருத்தித் தருவார். நுனி அடைபட்டாலும் தண்ணீர் அந்த இடைவெளியால் வெளியேறும்.

விதவிதமான சத்தம் கேட்கிறது.

நிற்கும்போது டொம் என்று ஒரு அடி: செக் வால்வு மூடும் சத்தம். மேலே ஏறிய தண்ணீர் திரும்பக் குழிக்குள் விழாமல் தடுக்கிற வால்வு அது, பயமில்லை. நிற்கவும் உடனே ஓடவுமாக இருந்தால் அந்த வால்வு பழுதாகி, தள்ளிய தண்ணீரே திரும்ப வருகிறது. உறுமுகிறது ஆனால் தண்ணீர் போகவில்லை என்றால் விசிறியில் கல் சிக்கியிருக்கலாம், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கலாம். காற்று அடைக்காமல் இருக்கத்தான் செக் வால்வுக்குக் கீழே குழாயில் சின்னத் துளை போடுவார்கள். ஓடும்போது அதிலிருந்து குழிக்குள் தண்ணீர் பீச்சும். ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

எப்படிப் பராமரிப்பது? எத்தனை வருடம் உழைக்கும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய வாளித் தண்ணீரை, இருபது லீற்றர் அளவில், மெல்ல குழிக்குள் ஊற்றுங்கள். மிதவை ஏற வேண்டும், மோட்டர் ஓட வேண்டும். ஒருவர் வெளியே நின்று தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே சத்தம் கேட்டால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், வெளியே வருவதுதான் சாட்சி. பிறகு பிரதான பம்ப்பின் பிளக்கைக் கழற்றி, பற்றரிப் பம்ப்பையும் அப்படியே சோதியுங்கள். பனி உருக முன் ஒன்று, கோடை இடிமழைக்கு முன் ஒன்று கட்டாயம். வருடத்துக்கு ஒருமுறை பம்ப்பைத் தூக்கி அடி வலையைக் கழுவுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பாகப் படிந்திருந்தால் அது இரும்புப் பக்ரீரியா. மிதவையையும் துளைகளையும் அடைக்கும், அடிக்கடி கழுவ வேண்டும்.

பொதுவாக ஏழிலிருந்து பத்து வருடம். வாங்கிய திகதியைக் குழாயில் மார்க்கரால் எழுதி வையுங்கள். பத்தைத் தாண்டியதை, ஓடிக்கொண்டிருந்தாலும், மாற்றிவிடுவேன்.

மூடி தேவையா?

தேவை. குழந்தை விழாமல் இருக்க, ஈரம் ஏறாமல் இருக்க, மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சுள்ள ராடன் வாயு உள்ளே வராமல் இருக்க. காற்றுப் புகாத மூடி போடுங்கள். வீட்டுக் காற்றில் ராடன் ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரலைத் தாண்டக்கூடாது என்பது கனடிய வழிகாட்டி அளவு.

காப்புறுதி கொடுக்குமா? மாநகராட்சி உதவி?

சாதாரண வீட்டுக் காப்புறுதியில் இது தானாக வராது. கழிவுநீர் திரும்புவதற்கான சேர்க்கை வேறு, வெளியே ஓடும் வெள்ளத்துக்கான சேர்க்கை வேறு. இரண்டாவது கனடாவில் 2015இல்தான் வீட்டுக்காரருக்குக் கிடைக்கத் தொடங்கியது. பத்திரத்தை எடுத்து இரண்டும் இருக்கிறதா, எத்தனை டொலர் வரை என்று பாருங்கள். வாடகைக்குக் கொடுத்திருப்பதை மறைக்க வேண்டாம், இழப்பு வரும்போது பணம் மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

ரொறன்ரோவில் வால்வு, சம்ப் பம்ப், குழாய் வெட்டி மூடுதல் ஆகியவற்றுக்கு உதவிப்பணம் உண்டு. பல வருடங்களாக ஒரு வீட்டுக்கு 3,400 டொலர் வரை என்று இருந்தது. விதிகள் மாறுவதுண்டு. வேலை தொடங்க முன் மாநகராட்சியின் தொலைபேசி எண்ணான 311க்கு அடித்துக் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். மாநகராட்சி லைசென்ஸ் இல்லாதவரைக் கொண்டு மலிவாகச் செய்வித்தால் அந்தப் பணம் கிடையாது.

நான் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறேன். பம்ப் என் பொறுப்பா?

இல்லை தம்பி, தங்கச்சி. ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. ஆனால் குழி எங்கே, பிரேக்கர் எங்கே என்று கேட்டு வையுங்கள், உங்கள் சாமானுக்கு வாடகைதாரர் காப்புறுதி எடுங்கள். பாஸ்போட், குடிவரவுப் பத்திரங்கள் தரையிலுள்ள சூட்கேஸில் இருந்தால் இன்றைக்கே மேல் தட்டுக்கு ஏற்றுங்கள்.

வீட்டுக்காரருக்கு ஒன்று: அந்த அறையில் படுப்பவருக்கு வெளியேற இரண்டு வழி இருக்கட்டும். 2021 செப்ரெம்பர் 1 இரவு, ஐடா சூறாவளியின் மிச்சம் நியூயோர்க்கில் கொட்டியபோது பேஸ்மென்ற் வீடுகளுக்குள் 11 பேர் இறந்தார்கள். ஜன்னலுக்கு முன் அலுமாரி வைத்திருந்தால் நகர்த்துங்கள்.

இப்போது தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. என்ன செய்ய?

முதலில் ஆட்கள் மேலே. முதியவர், குழந்தை, வாடகைக்கு இருப்பவர் எல்லோரும். சாமான் பிறகு.

தண்ணீர் பிளக் மட்டத்துக்கோ, தரையில் கிடக்கும் வயருக்கோ எட்டியிருந்தால் உள்ளே கால் வைக்காதீர்கள். பிரேக்கர்ப் பெட்டி பேஸ்மென்ற்றில் இருந்து, அதற்குத் தண்ணீருக்குள்ளால் போக வேண்டுமானால் போகாதீர்கள். மின்சாரக் கம்பனிக்கு அடித்து வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். வீட்டைச் சூடாக்கும் போர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி நனைந்திருந்தால் நீங்களாகப் பற்றவைக்க வேண்டாம்.

தண்ணீர் தெளிவாகவும் ஆழம் குறைவாகவும் இருந்து, கரண்ட் ஆபத்தும் இல்லையென்றால், குழிக்குப் போய் மிதவையைத் தடியால் தட்டிப் பாருங்கள். நாற்றமாக இருந்தால் அது கழிவு: கையுறை, பூட்ஸ் இல்லாமல் தொடாதீர்கள், வீட்டுக்குள் தண்ணீர் பாவிப்பதை நிறுத்துங்கள், 311க்கு அடியுங்கள்.

நாலைந்து அடிக்கு நின்றுவிட்டால் அவசரப்பட்டு ஒரேயடியாக இறைக்காதீர்கள். வெளியே நிலம் ஊறியிருக்கும்போது உள்ளே திடீரென்று காலியானால், வெளி அழுத்தம் சுவரை உள்ளே தள்ளிவிடும். வெளியே வற்ற வற்ற, படிப்படியாக இறைக்க வேண்டும்.

எதையும் எறிய முன் படம் எடுங்கள்: சுவரில் தண்ணீர் நின்ற கோடு, பிரீசரின் மொடல் எண், நனைந்த மெத்தை, ஒவ்வொன்றும். காப்புறுதிக்கு அன்றைக்கே அறிவியுங்கள். காப்பெற்றையும் ஊறிய டிரைவோலையும் (உள்சுவரில் அடித்த ஜிப்சம் பலகை) ஒன்றிரண்டு நாளுக்குள் வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். டிரைவோல் நனைந்த கோட்டுக்கு மேலேயும் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். கையை வைத்துக் குளிர் தெரிகிற இடம் வரை பார்த்து, அதற்கு ஒரு அடி மேலே வெட்டுங்கள்.